அஞ்சு தோட்டா பத்தாதுங்க

வாங்க, வாங்க. அந்தச் சேரை ஃபேனுக்கு நேரா இழுத்துப் போட்டு உக்காருங்க. நாயி ஒண்ணும் பண்ணாதுங்க, குலைக்கறதோட சரி. தண்ணி நாந்தான் கொண்டாரணும், ஊட்டுல ஆளில்லை. என்ற சம்சாரம் துளசிமணி போய் வர்ற ஐப்பசியோட வருசம் திரும்புது. காப்பி வேணும்னாலும் வெக்கறேன், ஆனா நான் வெக்கற காப்பிய நானே முழுசாக் குடிக்கறதில்லை. மோரு குடுக்கட்டுங்களா?

கோயமுத்தூர்ல இருந்து துப்பாக்கிக் கடைக்காரரு போன் பண்ணுனாருங்க. உங்களாட்டமே காங்கயத்துப் பக்கம் தோட்டத்துல தனியா இருக்கறவரு, எது வாங்கறதுன்னு தெரியாம முழிக்கறாரு, உங்க துப்பாக்கிய ஒருக்காப் பாக்கோணும்ங்கறாரு, அனுப்பட்டுமான்னாரு. தாராளமா அனுப்புங்கன்னேன். இந்த விசயத்துல எனக்குத் தெரிஞ்சது இந்த வட்டாரத்துல எவனுக்கும் தெரியாதுங்க. பெருமைக்குச் சொல்லலை. ஆறு மாசம் வேற வேலையில்லாம அலைஞ்சு திரிஞ்சு கத்துக்கிட்டது.

உங்க சம்சாரமும் நீங்களும் மட்டுந்தானுங்களா? பையன் வெளிநாட்டுலயா. ஆமா, எல்லா ஊட்டுலயும் அதே கதைதான். என்ற மகன் ஓசூர்ல. மாசத்துக்கு ஒருக்கா வந்துக்கிட்டிருந்தான். இப்ப வர்றதில்லை.

எனக்கு இந்த நெனப்பு எப்ப வந்துச்சுன்னா, கெழக்க ஒரு தோட்டத்துல புருசனையும் பொண்டாட்டியையும் அடிச்சுக் கொன்னுபோட்டு நகையத் தூக்கிட்டுப் போனாங்க பாருங்க, அப்பத்தான். அந்த மனுசன் எனக்குச் சந்தையில பழக்கம். துக்கத்துக்குப் போயிருந்தேன். கட்டில்ல அந்தம்மா தலகாணி அப்படியே கெடந்துச்சு. ஊட்டுக்கு வந்து துளசிமணி கிட்டச் சொன்னேன், நாளைக்கு நமக்கும் இதேதான்னு. அவ என்ன சொன்னா தெரியுங்களா? 'அப்பறம் என்னங்க மாமா, நாச்சிமுத்து தம்பி ஊட்டுப் பக்கத்துலயே ஒரு ரூம்பு போட்டுக்கிட்டு ராத்திரிக்கு அங்க படுத்துக்கலாம். தனிமரம் தோப்பாகுங்களா?'ங்கறா.

நாச்சிமுத்துங்கறது என்ற சித்தப்பா மகன். அடுத்த தோட்டம். நடுவால கிளுவ வேலிதான். இங்கிருந்து ஒரு சத்தம் போட்டா அங்க கேக்கும். அவனும் வந்து சொன்னான், 'அண்ணா, எடம் நம்முளுதுதான், அண்ணி ஆசப்படறாப்ல பண்ணீருங்க'ன்னு. சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்குது. அண்ணங்காரன் போயித் தம்பி ஊட்டு நெழல்ல படுத்தா ஊரு என்னங்க பேசும்? சென்னியப்பனுக்குப் பயம் வந்திருச்சு, தம்பி வேட்டியப் புடிச்சுட்டான்னு பேசாதுங்களா? எனக்குப் பயமெல்லாம் கெடையாதுங்க. முன்னெச்சரிக்கை. அது வேற, இது வேற.

லைசென்சுக்கு எழுதிப் போட்டேன். தாலூக்கா ஆபீசு, போலீசு, கலெக்டர் ஆபீசுன்னு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அக்கம்பக்கத்துல விசாரிக்க வந்தாங்க. நாச்சிமுத்து கிட்டத்தான் கேட்டிருக்கறாங்க. 'எங்கண்ணன் கோவக்காரருங்க, ஆனா ஒரு எறும்புக்குக் கெடுதல் நெனைக்க மாட்டாரு, தாராளமாக் குடுங்க'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கறான். அதுக்கு நான் நன்றி சொன்னனான்னு கேட்டா, தம்பிக்கு எதுக்குங்க நன்றி.

இனி துப்பாக்கிக்கு வர்றேன். கவனமாக் கேளுங்க, இதுதான் உங்களுக்கு வேணும்.

கடைக்குப் போனேன். கண்ணாடி போட்ட பெரிய மனுசன், மெதுவாத்தான் பேசுவாரு. 'எதுக்குங்க, காட்டுப் பன்னிக்கா, ஊட்டுக் காவலுக்கா?'ன்னாரு. காவலுக்குன்னேன். ஒத்தக் குழாய எடுத்து வெச்சாரு. வெல கம்மி, கனமும் கம்மி. ஆனா ஒண்ணு சுட்டா மடக்கி, வெத்துத் தோட்டாவ உருவிப் போட்டு, புதுசு போட்டு, மறுக்கா நிமுத்தோணும். அதுக்குள்ளாற வந்தவன் நம்ம தோள்ல கையப் போட்டுருவான். வேண்டாம்னுட்டேன். ரெட்டக் குழாயக் காட்டுனாரு. ரெண்டு வெடி. மூணு பேரு வந்தா மூணாவது ஆளுகிட்ட இருப்பா, தோட்டா போட்டுக்கறேன்னு சொல்ல முடியுங்களா? அதையும் வேண்டாம்னுட்டேன்.

அப்பறம் பம்ப் ஆக்சன். முன்னால இருக்கற கட்டைய இடது கையில பின்னால இழுத்து முன்னால தள்ளோணும், அப்பத்தான் அடுத்த தோட்டா ஏறும். அந்தச் சத்தத்துக்கே திருடன் ஓடிருவான்னு சொல்றாங்க. நல்ல சாமான்தான். எனக்கு இடது தோளு ஒரு வருசமா மேல எந்திரிக்காதுங்க, மோட்டார் கழட்டும்போது புடிச்சது. இழுத்துப் பாத்தேன், பாதியில நின்னு போச்சு. அந்த மாதிரி பாதியில நின்னா அது துப்பாக்கி இல்லீங்க, ஒலக்கை.

அப்பத்தான் செமி ஆட்டோமேட்டிக்குன்னு ஒண்ணு இருக்கறது தெரிஞ்சுது. நீங்க விசைய அமுக்குனாப் போதும். வெடிச்ச வேகத்துலயே வெத்துத் தோட்டா வெளிய உழுந்து அடுத்தது தானா ஏறிக்கும். மறுபடி அமுக்கோணும், அவ்வளவுதான். தோள்ல இடிக்கறதும் கம்மி, வயசானவங்களுக்கு அது முக்கியம். எனக்கு அதுதான் வேணும்னேன். 'அது லேசுல கெடைக்காதுங்க, அதுக்கு எழுதிக் கேக்கறதே தனி, பழசு யாராச்சும் குடுத்தாத்தான் உண்டு'ன்னாரு. காத்திருந்தேன். நீலகிரியில ஒரு எஸ்டேட்டுக்காரரு செத்துப் போயி, அவரு மக்க வித்தாங்க. அந்தா சுவத்துல தெரியுது பாருங்க, அதுதான். வெளிநாட்டுச் சரக்கு. கட்டையில ஒரு கீறல் இல்லை.

அந்தக் கடைக்காரரு இருக்கறாரே, நல்லவருதான், ஆனா யாவாரம் பண்ணத் தெரியாது. துப்பாக்கியத் தொடைச்சுக்கிட்டே கேக்கறாரு, 'கதவு கெட்டியா இருக்குதுங்களா? கூப்பிட்டா ஓடி வர்ற தூரத்துல ஆளு இருக்குதுங்களா? அதை மொதல்ல பாருங்க, இதெல்லாம் அப்பறந்தான்'ங்கறாரு. துப்பாக்கி விக்கறவன் பேசற பேச்சாங்க இது?

துளசிமணிக்கும் சுடச் சொல்லித் தரலாம்னு பாத்தேன். தொடவே மாட்டேன்னுட்டா. இது வந்ததுல இருந்து இந்த ரூம்புக்குள்ள கூட்டறதுக்குக் கூட வரலை. நாந்தான் கூட்டுவேன். 'மாமா, அது நம்மளையே பாத்துக்கிட்டிருக்கறாப்ல இருக்குது'ம்பா. பொம்பளைங்க அப்படித்தான்.

துப்பாக்கி வாங்கிட்டாப் போதாதுங்க, அது இருக்கறது நாலு பேருக்குத் தெரியோணும். அதுதான் பாதிக் காவலு. வாரத்துக்கு ஒருக்கா பொழுதோட வாசல்ல நின்னு வானத்தைப் பாத்து ஒண்ணு உடுவேன். அப்படிச் சுடப்படாதுன்னு ஒரு சட்டம் இருக்குதாமா. இருக்கட்டும். நம்ம தோட்டம், நம்ம வானம். சுத்துப்பட்டுல இருக்கறவங்க கிட்டயெல்லாம் தெளிவாச் சொல்லீட்டேன். 'என்ற தோட்டத்துல வெடிச் சத்தம் கேட்டா யாரும் உதவிக்குன்னு ஓடியாறாதீங்க. யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, குறுக்க வந்தா சுட்டுப்போடுவேன். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருங்க'ன்னேன். நாச்சிமுத்து கிட்டயும் சொன்னேன். சரிங்கண்ணான்னு தலையாட்டுனான். இது ரொம்ப முக்கியமுங்க, நீங்களும் சொல்லி வெச்சிருங்க. தெரியாம வந்து எவனாச்சும் அடிபட்டா நம்ம தலையிலதான் உடியும்.

வேலியில ஒரு கடவு இருந்துச்சு. கடவுன்னா, வேலியில ஆளு பூந்து போற சந்து. துளசிமணி அது வழியாத்தான் நாச்சிமுத்து ஊட்டுக்குப் போவா, வருவா. கொழம்பு போகும், கீரை வரும். அந்தச் சந்து இருந்தா எவன் வேணும்னாலும் பூந்து வருவான். முள்ள வெட்டிப் போட்டு அடைச்சுட்டேன். ரெண்டு நாளு பேசாம இருந்தா, அவ்வளவுதான்.

ஒரு நாளு நாச்சிமுத்து ரோட்டுப் பக்கமாச் சுத்திக்கிட்டு வந்தான். மொகம் வாடிப்போயி இருந்துச்சு. 'அண்ணா, நேத்து வெடிச்சதுல மெரண்டு எங்க சினை எருமை மாசம் முழுசாகாமயே கன்னு வீசிப்போட்டுதுங்கண்ணா. இனிமே கொஞ்சம்…'ன்னு இழுத்தான். சண்டைக்கெல்லாம் வரலைங்க, பொய் சொல்லப்படாது. ஆனா எனக்கு என்னமோ அன்னைக்குச் சுள்ளுன்னு ஏறிக்கிச்சு. எருமைக்குக் காதுல பஞ்சு வெச்சு உடுன்னு சொல்லிப்போட்டேன். அவன் என்னையப் பாத்தான். துளசிமணியப் பாத்தான். திரும்பிப் போயிட்டான். அன்னைக்கோட பேச்சு வார்த்தை நின்னு போச்சு. எங்க பக்கம் பேச்சு நின்னா நின்னதுதானுங்க. கோயில்ல எதுக்க வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கறது. யாரு மொதல்ல வாயத் தொறக்கறாங்களோ அவங்க எறங்கிப் போனதா அர்த்தம். ஒரு எருமைக்காக அண்ணங்கூடப் பேச்ச உடறவன் மனுசனா?

நடுவால எலெக்சன் வந்துச்சு. எலெக்சன்னா லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேசன்ல ஒப்படைச்சுப் போடோணும், தெரியுமில்ல. ரிசல்ட்டு வந்து எல்லாம் முடிஞ்சாத்தான் திருப்பித் தருவாங்க. திருடனுக்கும் அது தெரியுமேன்னு எனக்குத் தூக்கமே புடிக்கலை. அந்தச் சமயத்துல துளசிமணி பண்ணுன வேலையப் பாருங்க. கடவுல போட்டிருந்த முள்ளத் தூக்கி அக்கட்டால போட்டுட்டா. நாச்சிமுத்து சம்சாரம் வந்து உக்காந்து ரெண்டு பேரும் முருங்கக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. கள எடுக்க வர மாட்டேன்னு நின்னுக்கிட்ட ஆளுக திரும்ப வந்தாங்க. பால்காரன் வாசல் வரைக்கும் வந்தான், அதுக்கு முந்தி ரோட்டுலயே நின்னு மணியடிப்பான். ஒரு அசம்பாவிதமும் நடக்கலைங்க. சாமி புண்ணியம்தான், வேறென்ன. துப்பாக்கி திரும்பி வந்ததும் கடவ நானே மறுபடி அடைச்சேன். அன்னைக்குத்தான் அவ வாயத் தொறந்து கேட்டா. 'திருடனுக்கு அடைக்கறீங்களா, எனக்கு அடைக்கறீங்களா மாமா?'ன்னு. கேள்வியப் பாருங்க.

மோரு புளிக்குதுங்களா? உப்பு வேணா போட்டுக்குங்க.

ஐப்பசியில, மழை உட்டு நல்லா வெயில் அடிச்ச மத்தியானம். நான் மோட்டார் ரூம்புல இருந்தேன். துளசிமணி மாட்டுக்குப் போடத் தட்டுப்போர்ல சோளத்தட்டு உருவிக்கிட்டிருந்தா. மாமான்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா கைய இன்னொரு கையில புடிச்சுக்கிட்டு நிக்கறா. போருக்கடியில கண்ணாடி விரியன் போறது தெரிஞ்சுது. பாம்புன்னாப் படையே நடுங்கும்பாங்க. அவ நடுங்கலை. அவளே நடந்து வந்து கட்டில்ல உக்காந்தா. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுனேன். வந்துக்கிட்டிருக்குது, தூரத்துல இருந்து வரோணும், நேரமாகும்னாங்க. மகனுக்குப் பண்ணுனேன். அவன் ஓசூர்ல இருந்துக்கிட்டு என்னங்க பண்ணுவான்? அழுகறான்.

எங்கிட்ட டிவிஎஸ் வண்டி மட்டுந்தான். அவளுக்குத் தலை சுத்த ஆரம்பிச்சிருச்சு, பின்னால உக்கார முடியாது. நாச்சிமுத்து கிட்ட ஆம்னி வேன் இருக்குது. அவன் ஊட்டு வாசல்ல நிக்கறது இங்கிருந்தே தெரியுது. அவனும் தெரியறான், வேப்பமரத்தடியில கட்டில் போட்டுப் படுத்திருக்கறான். துளசிமணி என்ற சட்டையப் புடிச்சுக்கிட்டு, 'நாச்சிமுத்து தம்பியக் கூப்புடுங்க மாமா'ன்னா. 'கூப்பிடறேன், கூப்பிடறேன்'னேன்.

நீங்களே சொல்லுங்க. பேச்சு வார்த்தை இல்லாதவனை எப்படிங்க கூப்பிடறது? போன்ல பேரு இருக்குது. அமுக்கப் போனேன், வெரலு போகலை. வேலியில நின்னு ஒரு சத்தம் போடலாம்தான். வாய் வரலைங்க. நாச்சிமுத்துன்னு ஆறே எழுத்துதான். எனக்கு ஒரு யோசன வந்துச்சு. சத்தந்தானே வேணும்? வாயிலதான் போடோணும்னு இல்லையே. உள்ள ஓடித் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னு வானத்தைப் பாத்து அமுக்குனேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, ஒண்ணு கூடச் சிக்கலைங்க. அத்தன பழைய துப்பாக்கி, அஞ்சு தோட்டாவும் ஒண்ணு பின்னால ஒண்ணாப் போச்சு. கடைக்காரரு சொன்னது சொன்னபடி. அந்த விசயத்துல குறையே சொல்ல முடியாது.

நாச்சிமுத்து எந்திரிச்சு உக்காந்தான். இங்கயே பாத்தான். என்ற கண்ணால பாத்தேன், எந்திரிச்சு ஓடறான். சரி, வேன எடுக்கத்தான் ஓடறான்னு நெனச்சேன். ஊட்டுக்குள்ள போனான். கதவைச் சாத்திக்கிட்டான்.

சொந்தப் பங்காளி. ஒரே ஊட்டுல பொறந்து வளந்தவங்க மாதிரித்தான் இருந்தோம். மறுபடி அஞ்சு தோட்டா போட்டு அதையும் உட்டேன். ஜன்னலையும் சாத்தறாங்க. துளசிமணி கட்டில்ல இருந்து கேக்கறா, 'கூப்பிட்டீங்களா? வர்றாங்களா?'ன்னு. கூப்பிட்டுட்டேன் புள்ள, வந்துக்கிட்டே இருக்கறாங்கன்னேன். பொய் சொல்லலைங்க. எனக்குத் தெரிஞ்ச மாதிரி கூப்பிட்டுத்தான் இருந்தேன்.

நூத்தியெட்டுச் சத்தம் ரோட்டுல கேட்டுச்சு. அவ கூட லேசாத் தலையத் தூக்குனா. அந்தச் சத்தம் முக்குல வந்து நின்னு போச்சு. உள்ள வரலை. வண்டி பழுதாயிருச்சோன்னு நெனச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுது. நாச்சிமுத்து உள்ள போனதும் போலீசுக்குப் போன் பண்ணியிருக்கறான். எங்கண்ணன் தோட்டத்துல திருடனுக பூந்துட்டாங்க, சண்டை நடக்குது, எங்கண்ணியக் காப்பாத்துங்கன்னு. வெடிச் சத்தம் கேக்கற எடத்துக்குப் போகாதீங்கன்னு போலீசு நூத்தியெட்ட நிறுத்திப்போட்டாங்க. அவங்க வர்ற வரைக்கும் அது அங்கயே நின்னுச்சு. செவப்பு வெளக்கு சுத்தறது வேலிக்கு மேல தெரிஞ்சுது.

போலீசு வந்தப்ப நான் கட்டில்ல அவ பக்கத்துல உக்காந்திருந்தேன். துப்பாக்கி மடியில இருந்துச்சு, கீழ வெக்கறதுக்குத் தோணலை. அவ தலை என்ற தோள்ல சாஞ்சிருந்துச்சு. துப்பாக்கியக் கீழ போடுங்கன்னு மரத்துக்குப் பின்னால நின்னு கத்தறாங்க. நாந்தான் அவளக் கொன்னுட்டேன்னு நெனச்சிருக்கறாங்க. பாருங்க, எப்படியெல்லாம் நெனைக்கறாங்க.

விசாரணையெல்லாம் நடந்துச்சு. வானத்துல சுட்டதுக்குத்தான் சத்தம் போட்டாங்க, அவ சாவுக்கு என்ற மேல தப்பில்லைன்னு எழுதிட்டாங்க. துப்பாக்கியத் திருப்பிக் குடுத்துட்டாங்க. தப்பிருந்தாக் குடுப்பாங்களா?

எழவுக்கு நாச்சிமுத்து வந்தான். அவ கால்ல உழுந்து அழுதான். அப்பறம் எங்கிட்ட வந்து, பேச்சு நின்னதுக்கப்பறம் மொதத் தடவையா வாயத் தொறந்தான். 'ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமேங்கண்ணா'ன்னான். பத்துத் தோட்டா போட்டனே, அது காதுல உழுகலையாடான்னேன். என்ற மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னான். என்ற மகனும் அப்படித்தான் நின்னான். ரெண்டு பேருமாச் சேந்துதான் தூக்கிட்டுப் போனாங்க. ஊரே சேந்து அவனுக்கு ஆறுதல் சொல்லுச்சு. எனக்கு யாரும் சொல்லலை. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலைங்க.

ராத்திரி தூங்கறதில்லை. திருடனுக்குப் பயந்தில்லைங்க. அவன் வந்தா வரட்டும், என்ன இருக்குது இங்க எடுக்கறதுக்கு. ஒரு ஆளாச்சும் வந்த மாதிரி இருக்கும்.

சரி, உங்க விசயத்துக்கு வர்றேன். செமி ஆட்டோமேட்டிக்கே வாங்குங்க, அதுல மறு யோசன வேண்டாம். ஆனா இந்த மாடல் வேண்டாம். இதுல அஞ்சுதான் புடிக்கும். ஏழு எட்டுப் புடிக்கறதாப் பாருங்க. அஞ்சு தோட்டா பத்தாதுங்க. திருடனுக்கு அஞ்சு தாராளம். ஒரு ஆளக் கூப்பிடறதுக்குப் பத்தாது.

என்னங்க எந்திரிச்சுட்டீங்க? துப்பாக்கியக் கையில எடுத்துப் பாக்கவே இல்லையே. அடுத்த பஸ்சுக்கு நேரமிருக்குது, உக்காருங்க. ஆமா, இங்க வர்றதுக்கு வழி யாருகிட்டக் கேட்டீங்க? நீலக் கதவு போட்ட ஊட்டுலயா? அது நாச்சிமுத்துதான். என்ன சொன்னான்? தூரத்துல இருந்தே சத்தமாக் கூப்பிட்டுக்கிட்டுப் போங்கன்னானா. அதுதான் நீங்க வரப்பு நெடுக அய்யா, அய்யான்னுக்கிட்டே வந்தீங்களா. நான் யாரோ நாய்க்குப் பயந்தவருன்னு நெனச்சேன்.

வேற என்னமாச்சும் கேட்டானுங்களா? அண்ணன் எப்படி இருக்கறாரு, சோத்துக்கு என்ன பண்றாருன்னு, அந்த மாதிரி? ஒண்ணும் கேக்கலீங்களா.

நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க.